காந்தத்தில் ஒட்டும் மண்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

போன இதழில், மண்ணிலும் ஆற்றுப் படிவிலும் சேரும் தொழில் அழுக்கைக் காந்த அளவீட்டால் தேடிப் பிடிக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். மண் ஆய்வுகூடத்தில் வேலை செய்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. ஆசிரியையாக மாறி, ஓய்வும் பெற்ற பிறகும் அந்த ஆசை போகவில்லை. கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன, அதிலும் நம் திருகோணமலை மாவட்டத்தில் இருந்து. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெல்டிங் கராஜ். கச்சான் காற்றுக் காலத்தில் அங்கிருந்து தூசி எங்கள் முற்றத்துக்கு வருகிறது. மகன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கீரைப் பாத்தியில் இழுத்துப் பார்த்தான். கறுப்பு மயிர் மாதிரி நிறைய ஒட்டிக்கொண்டது. அந்தக் கீரையைச் சாப்பிடலாமா, டீச்சர்?
*வாசகி, பாலையூற்று*

தங்கச்சி, முதலில் கீரைக்குப் பதில் சொல்கிறேன், காரணம் அப்புறம். மதிலோரப் பாத்திக் கீரையை இப்போதைக்குச் சமைக்க வேண்டாம். அந்த இடத்தில் கத்தரி, வெண்டி, பயிற்றை போடுங்கள். மண்ணிலிருக்கும் கட்மியம் என்ற நச்சு உலோகத்தைக் கூடுதலாக உறிஞ்சுவதும், காற்றில் வரும் ஈயத் தூசியை மேலே ஏந்திக்கொள்வதும் இலைக்கறிகள்தான். காய்களில் அந்தப் பயம் குறைவு. நன்றாகக் கழுவினால் போதும். கீரை வேண்டுமென்றால் மதிலை விட்டுத் தள்ளி, வேறு இடத்து மண்ணும் கூட்டெருவும் போட்டு உயரமான பாத்தி கட்டி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடினால், சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனிக் காரணம். இரும்பு நஞ்சு இல்லை. நம் மண் முழுக்க இரும்புதான். பயப்பட வேண்டியது இரும்போடு கூட வருபவற்றுக்கு. பழைய கேற்றைக் கிரைண்டரால் தேய்க்கும்போது அதன் பழைய பெயின்றும் பொடியாகிறது. பழைய பெயின்றில், முக்கியமாகத் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த சிவப்பு அடிப்பூச்சில், ஈயம் இருக்கலாம். கல்வனைஸ் செய்த தகட்டில் இருந்து நாகம் வரும். ஸ்டெயின்லஸ் ஸ்டீலில் இருந்து குரோமியமும் நிக்கலும் வரும். ஈயமோ நாகமோ காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அவை ஒரே தீப்பொறியில் பிறந்து, ஒரே காற்றில் போய், இரும்புத்தூள் விழுந்த இடத்திலேயே விழுகின்றன. இரும்பு எங்கே விழுந்தது என்று காந்தம் காட்டினால், மற்றவற்றை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்த முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் மகனின் காந்தத்தில் ஒட்டியது எல்லாம் கராஜில் இருந்து வந்ததா? அப்படிச் சொல்ல முடியாது. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. அந்தப் பாறை உக்கி மண்ணாகும்போது அதிலிருந்த மக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஒட்சைட்டு மணிகளும் மண்ணோடு கலக்கின்றன. கராஜே இல்லாத காட்டு மண்ணிலும் காந்தம் போட்டால் கொஞ்சம் ஒட்டும். அதனால் மகனிடம் இரண்டு வேலை கொடுங்கள்.

முதலாவது ஆழம். ஒரே குழியில் மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணைத் தனியாகவும், 30 சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணைத் தனியாகவும் எடுக்கச் சொல்லுங்கள். நிழலில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, சம எடையில் காந்தம் போட்டு, ஒட்டியதை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரிச் சின்னத் தராசில் நிறுக்க வேண்டும். காற்றில் வந்த தூசி மேல் மண்ணிலேயே தங்கும். பாறையில் இருந்து வந்தது ஆழத்திலும் அதே அளவுக்கு இருக்கும், சில இடங்களில் கூடவும் இருக்கும். மேலே நிறைய, கீழே கொஞ்சம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் பாத்தி கொத்திப் புரட்டிய மண். அங்கே இந்தக் கணக்கு சரிவராது. பக்கத்தில் கொத்தாத இடமாகப் பாருங்கள்.

இரண்டாவது தூரம். மதிலடியில் ஒன்று, 5 மீற்றரில் ஒன்று, 20 மீற்றரில் ஒன்று, வீட்டின் மறுபக்கத்தில் ஒன்று. கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிப்பது. கராஜுக்குக் கிழக்குப் பக்கத்துக் காணிகளில்தான் தூசி கூடப் படியும். மாரி மழை கழுவிக்கொண்டு போகும் முன், செப்டெம்பரில் எடுத்தால் நல்லது.

ஒட்டிய தூளை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். வெல்டிங்கில் உருகித் தெறித்த துளி ஆறும்போது பளபளப்பான குண்டுமணியாகும். துளையிட்ட இரும்பு சுருள் சுருளாக இருக்கும். பாறையில் இருந்து வந்த மக்னடைட் மூலை உள்ள மணியாகவோ தேய்ந்த மணியாகவோ தெரியும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, மிக மோசமான இடத்து மண் ஒன்றும் மிக நல்ல இடத்து மண் ஒன்றும் மட்டும் ஈயச் சோதனைக்குக் கொடுங்கள். இரசாயனச் சோதனை ஒவ்வொரு மாதிரிக்கும் காசு. எல்லா இடத்து மண்ணையும் கொடுக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. எங்கே கொடுப்பது என்று காந்தம் சொல்லிவிட்டால் காசு மிச்சம்.

கராஜ்காரத் தம்பியோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவர் அவரும் அவரிடம் வேலை பழகும் பிள்ளைகளும்தான். உங்கள் மதில் பக்கம் ஒரு தறப்பாள் கட்டி, கிரைண்டர் வேலையை உள்ளே வைத்துச் செய்யுங்கள், முகமூடி போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்ததை அவருக்கும் காட்டுங்கள்.

காந்த ஏற்புத்திறன் மானி உண்மையில் எதை அளக்கிறது? மூதூரில் மகாவலி கடலோடு சேரும் இடத்துப் படிவை அளந்தால் மலைநாட்டு மாசு தெரியுமா? பட்டப்படிப்பு ஆய்வுக்காகக் கேட்கிறேன்.
*மாணவர், மூதூர்*

தம்பி, மானியின் சுருளுக்குள் மிக மெல்லிய மாறுகாந்தப் புலம் ஒன்று இருக்கும். மண்ணை அதற்குள் வைத்தால், அந்தப் புலத்தில் மண் எவ்வளவு காந்தமாகிறது என்று ஓர் எண் வரும். அதுதான் காந்த ஏற்புத்திறன். அமிலம் வேண்டாம், சூடாக்க வேண்டாம், மாதிரி அழியாது. சில செக்கனில் முடிந்துவிடும். பளிங்குமணல், சுண்ணாம்பு, தண்ணீர் இவையெல்லாம் காந்தப் புலத்தை இம்மியளவு விலக்குபவை. எண் பூச்சியத்துக்குக் கீழே போகும். களிமண் கொஞ்சம் மேலே. ஹெமடைட் என்ற சிவப்பு ஒட்சைட்டு இன்னும் மேலே. மக்னடைட்டோ அதே எடை ஹெமடைட்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடக் காட்டும். ஆகவே நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மக்னடைட்தான் அனேகமாக முழு மண்ணின் எண்ணையும் தீர்மானிக்கிறது.

மனிதர் செய்யும் மக்னடைட் எங்கே பிறக்கிறது என்றால், பெரும்பாலும் நெருப்பில். நிலக்கரியில் பைரைட் என்ற இரும்புச் சல்பைட்டு உண்டு. உலைச் சூட்டில் அது உருகி, ஒட்சியேறி, மக்னடைட் உருண்டைகளாகிப் பறக்கும் சாம்பலோடு வெளியே போகிறது. உருக்காலை, சூளை, வாகனப் புகை, பிரேக் தேய்மானம் எல்லாமே தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இவை மண்ணுக்குள் தானாக விளையும் மக்னடைட்டைவிடப் பருமனானவை. மண்ணில் விளைவது பெரும்பாலும் 0.03 மைக்ரோனுக்கும் சிறியது (மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. மானியை ஏறத்தாழ 0.46 கிலோஹேர்ட்ஸிலும், பிறகு அதன் பத்து மடங்கான 4.6 கிலோஹேர்ட்ஸிலும் வைத்து அளக்க வேண்டும். காவடியில் மேளம் மெதுவாக அடிக்கும்போது எல்லாரும் அடிவைத்து ஆடுவார்கள். வேகம் கூடும்போது சிலர் விலகிவிடுவார்கள். அதுபோல அதிர்வெண் கூடும்போது அந்த மிக நுண்ணிய மணிகளில் ஒரு பகுதி புலத்தோடு ஓட முடியாமல் பின்தங்கும், எண் குறையும். குறைவு 2 சதவீதத்துக்கும் கீழே என்றால் நுண்மணி அனேகமாக இல்லை. 10 சதவீதத்துக்கு மேலே போனால் பெரும்பாலும் மண்ணில் விளைந்தது. ஒரு எச்சரிக்கை: பாறையில் இருந்து வந்த பெரிய மணியும் புகையில் இருந்து வந்த பெரிய மணியும் இந்தச் சோதனையில் ஒன்று போலவே தெரியும். அங்கே ஆழ வித்தியாசமும் நுணுக்குக்காட்டியும்தான் துணை.

இனி மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு. ஆனால் மேலே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று நீர்த்தேக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. மலைநாட்டு வண்டலில் பெரும்பங்கு அங்கேயே அடியில் தங்கிவிடும். மூதூரில் உங்கள் கைக்கு வருவதில் கீழ்ப்பகுதி மண்ணின் பங்கே கூடுதலாக இருக்கும். அதனால் "மலைநாட்டு மாசு" என்று தலைப்பு வைக்காதீர்கள். கிளையாறு ஒன்று வந்து சேரும் இடம், ஊர் ஒன்றின் வாய்க்கால் விழும் இடம் என்று தெரிந்தெடுத்து, அதற்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத எண்ணுக்கு இந்தத் துறையில் ஒரு பெறுமதியும் கிடையாது.

ஆற்றில் இன்னொரு வில்லங்கம். ஓட்டம் தளரும் வளைவுகளில் கனமான கறுப்பு மணல் தானாகவே ஒதுங்கிக் கிடக்கும். அங்கே அளந்தால் எண் எகிறும். மாசு ஒன்றும் இருக்காது, ஆறு தரம் பிரித்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். 63 மைக்ரோன் சல்லடையால் அரித்து, அதற்குக் கீழே விழும் நுண்படிவை மட்டும் எல்லா இடத்திலும் அளந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். பார உலோகங்கள் ஒட்டிக்கொள்வதும் அந்த நுண்படிவில்தான்.

கால வரலாறு வேண்டுமென்றால் ஓடும் ஆற்றை விட்டுவிட்டு, தண்ணீர் அசையாமல் நிற்கும் குளத்தில் குழாய் இறக்கி அடிமண் எடுத்து, சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக வெட்டி அளவுங்கள். வட அயர்லாந்தில் லொக் நே ஏரியின் படிவை ரோய் தொம்சன், பிராங்க் ஓல்ட்பீல்ட் முதலானோர் அப்படி அளந்து 1975இல் வெளியிட்டார்கள். காடு வெட்டி விவசாயம் பெருகிய காலங்களின் மண்ணரிப்பு அந்த எண்களில் தெரிந்தது. மாசுக்கு இந்த முறையைப் பயன்படுத்துவதும் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

நிலாவெளிக் கடற்கரையில் சில நாட்களில் கறுப்புக் கோடுகளாக மணல் கிடக்கிறது. கப்பல் கழிவு என்று சுற்றுலாக்காரர் ஒருவர் சொன்னார். உண்மையா?
*விடுதி நடத்தும் வாசகர், நிலாவெளி*

கையில் எடுத்துத் தேயுங்கள். பிசுபிசுப்பும் எண்ணெய் மணமும் இல்லாமல் மணல் போலவே உதிர்ந்தால், அது கனிய மணல். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன், கார்னட் எல்லாம் கலந்தது. அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானது கோடாகத் தங்கிவிடுகிறது. வடக்கே புல்மோட்டையில் இது உலகறிந்த படிவு. அதைத் தோண்டவென்றே 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். வடகீழ்ப் பருவ அலைகள் ஆண்டுதோறும் புதிதாகக் கொண்டுவந்து போடுகின்றன.

காந்தம் போட்டுப் பார்க்க ஆசை என்றால் ஒரு விஷயம். இல்மனைட் இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு, காந்தத்துக்கு மெல்லத்தான் இணங்கும். சாதாரண ஸ்பீக்கர் காந்தத்தில் மக்னடைட் பாய்ந்து ஒட்டும், இல்மனைட் பெரும்பாலும் கிடந்தபடி கிடக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் மிக வலிமையான நியோடிமியம் காந்தத்தில் இரண்டும் ஒட்டிவிடும். நம் கரையோர மண்ணில் மாசு தேடுபவர்கள் நியோடிமியம் பாவித்தால் எல்லா இடமும் மாசு என்றே முடிவு வரும்.

உங்கள் விருந்தினரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், இது இந்தக் கரையின் சொந்த மணல் என்று.

எங்கள் ஊரில் வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் கைவிடப்பட்டுவிட்டது. இனி எங்களுக்கு இந்த அளவீடு எதற்கு?
*வாசகர், சம்பூர்*

ஐயா, உங்களுக்குத்தான் மிகவும் தேவை என்பேன். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டும் திட்டம் 2016இல் நின்றது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு ஆரம்பம் வைத்தார்கள். சூரியத் தகடு பறக்கும் சாம்பல் விடாது. அந்த அளவில் நிம்மதி.

ஆனால் நிலக்கரிச் சாம்பல் விழாத மண்ணின் கணக்கு என்பது ஒரு சொத்து. போலந்தின் மேல் சிலேசியாவில், சுரங்கமும் உருக்காலையும் மின்நிலையமும் நெருக்கமாக உள்ள பகுதியில், மண்ணின் காந்த ஏற்புத்திறனை அளந்து படம் வரைந்திருக்கிறார்கள். ஆலைகளைச் சுற்றி மேல்மண் எண் உயர்ந்திருப்பது அதில் தெளிவாகத் தெரியும். தொழில் வருவதற்கு முன் அந்த மண் எப்படி இருந்தது என்று அளந்து வைத்தவர் யாருமில்லை. ஆழத்து மண்ணை வைத்து ஊகிக்கத்தான் வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த நிலை இல்லை. இப்போதே எடுத்து வைக்கலாம்.

2006இல் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்காகக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருந்த ஊர் உங்களுடையது. அந்தக் காணியின் மண்ணைப் பற்றிய ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஊர்ச் சங்கம் ஒன்று முன்வந்தால், இடத்தைக் குறித்து, மேல்மண்ணும் ஆழமண்ணும் எடுத்து உலர்த்திக் கடதாசி உறையில் வைத்தாலே போதும். உலர்ந்த மண்ணின் மக்னடைட் எளிதில் மாறாது. மானி கிடைக்கும் காலத்தில் அளக்கலாம். பின்னாளில் எந்தத் தொழில் வந்தாலும், "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சேனைக்குக் காடு எரித்த இடங்களையும் குப்பை கொளுத்தும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். எரிந்த மண்ணில் இருக்கும் சாதாரண இரும்பு ஒட்சைட்டு, சூட்டிலும் புகையிலும் காந்தத் தன்மை கூடியதாக மாறிவிடும். பிரான்ஸில் லெ போர்ன் என்பவர் மேல்மண்ணில் காந்த எண் கூடியிருப்பதைப் பற்றி 1955இலேயே எழுதினார்.

வயலில் இருந்து வடியும் வாய்க்கால் மண்ணைக் காந்தத்தால் அளந்தால் மருந்தும் உரமும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியுமா?
*விவசாயி, தம்பலகாமம்*

தெரியாது, அண்ணை. பூச்சிமருந்துக்குக் காந்தக் குணம் கிடையாது. பொஸ்பேற்று உரத்தோடு கொஞ்சம் கட்மியம் வரும், அதுவும் மானியில் தெரியாது. இரண்டுக்கும் இரசாயனச் சோதனைதான் வழி.

அதோடு வயல் மண்ணில் இந்த முறையே தடுமாறும். தண்ணீர் கட்டி நிற்கும் மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. அப்போது மண் பற்றீரியாக்கள் இரும்பு ஒட்சைட்டைப் பிடித்துக் கரைக்கின்றன. நுண்ணிய மக்னடைட்தான் முதலில் போகும். போகத்துக்குப் போகம் இது நடப்பதால் பழைய வயல் மண்ணின் எண் பக்கத்து மேட்டு மண்ணைவிடக் குறைவாக இருக்கும். கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் சேற்றிலும் இதே கதை: அங்கே கந்தகம் வேறு சேர்ந்து மக்னடைட்டைப் பைரைட் ஆக்கிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு "மண் சுத்தம்" என்று யாராவது சான்றிதழ் தந்தால் வாங்காதீர்கள்.

உங்களுக்குக் காந்தம் உதவக்கூடிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. வாய்க்காலையும் குளத்தையும் தூர்க்கும் மண் எங்கிருந்து வருகிறது? மேட்டுக்காணி மண், வயல் மண், வீதியோர மண் ஆகிய மூன்றும் காந்த எண்ணில் வேறுபட்டால், படிந்து கிடக்கும் மண்ணில் யாருடைய பங்கு கூட என்று கணிக்கலாம். அப்படிச் செய்யும்போது ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து வெள்ளம் போன வழியில் வேறு இடத்து மண் வந்து படிந்த காணிகள் எவை என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் காணிகளைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்து ஊர்களில், பழைய எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியிருந்தால் காந்த அளவீட்டில் தெரியுமா? எங்கள் கிணற்றில் சில நாள் மேலே பளபளவென்று ஒரு படலம் மிதக்கிறது.
*வாசகி, சீனக்குடா*

படலத்தை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல உடைந்து உடைந்து விலகினால் அது இரும்புப் பற்றீரியாவின் படலம், இரும்பு கூடிய கிணறுகளில் சாதாரணம். விலகிய பிறகு நெளிந்து மீண்டும் ஒன்று சேர்ந்தால், அதோடு மண்ணெண்ணெய் மணமும் இருந்தால், அந்தத் தண்ணீரைக் குடிப்பதை இன்றே நிறுத்திவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எண்ணெய்ச் சேர்மங்களுக்கான சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண கிருமிச் சோதனையில் அது தெரியாது.

அந்தத் தாங்கிகள் மொத்தம் 99. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது.

எண்ணெய்க்கு நேரடியாகக் காந்தக் குணம் இல்லை. ஆனால் நிலத்தடியில் எண்ணெயைத் தின்று வாழும் பற்றீரியாக்கள் இரும்பு ஒட்சைட்டைப் பாவித்து, அந்த வேலையின் விளைவாகப் புது மக்னடைட்டை உண்டாக்குவது உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிஜி என்ற இடத்தில் 1979இல் எண்ணெய்க் குழாய் வெடித்தது. அந்த இடத்தை இன்றுவரை ஆய்வுக் களமாக வைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் ஏறி இறங்கும் மட்டத்தில், எண்ணெய் பட்ட மண்ணின் காந்த ஏற்புத்திறன் உயர்ந்திருப்பதை அங்கே துளையிட்டு அளந்து கண்டார்கள். எனக்கு மிகவும் வியப்பளித்த விஷயம் இது.

உங்கள் ஊரில் அதைச் செய்வது எளிதில்லை. நிலத்தின் மேல் வைத்து அளக்கும் வளையக் கருவி மேலே உள்ள சில சென்ரிமீற்றரைத்தான் பார்க்கும். ஆழத்துக்குத் துளையிட வேண்டும். தாங்கிகளின் துருச் செதில், பழைய இரும்புக் குழாய், குண்டுத் துண்டு எல்லாம் எண்ணைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, யுத்தம் நடந்த மண்ணில் நீங்களாகத் தோண்டவே கூடாது. கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையோடு தொடங்குங்கள், அதுதான் உங்களுக்கு உடனே வேண்டியது.

எங்கள் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளுக்கு இதைச் செயற்றிட்டமாகக் கொடுக்க விரும்புகிறேன். மானி வாங்க வசதி இல்லை. கைத்தொலைபேசியில் உள்ள காந்த உணரி உதவுமா?
*ஆசிரியை, கிண்ணியா*

உதவாது. தொலைபேசி உணர்வது பூமியின் காந்தப் புலத்தை; நம் பக்கத்தில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. ஒரு பிடி வீதித் தூசி அதில் உண்டாக்கும் மாற்றம் உணரியின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். ஸ்பீக்கர் காந்தமும், ஒரு பொலித்தீன் பையும், 0.01 கிராம் வரை காட்டும் தராசும் இருந்தால் போதும், டீச்சர்.

வீதித் தூசியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்ணைவிட அது சுலபம், பிள்ளைகள் தினமும் சுவாசிப்பதும் அதைத்தான். வாகனம் நின்று நின்று போகும் சந்தி ஒன்று, பாடசாலை வாசல் ஒன்று, ஓட்டோ மட்டும் எப்போதாவது போகும் ஒழுங்கை ஒன்று. பிரேக் பிடிக்கும் இடத்தில் தேய்மானம் கூட என்பதால் சந்திக்கும் நேர்வீதிக்கும் வித்தியாசம் வரவேண்டும். வருகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். மழை விட்டு ஒரு கிழமையாவது போன பிறகு, எல்லா இடத்திலும் ஒரே நாளில், ஒரே பரப்பில் கூட்டி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தூரிகை, பிளாஸ்டிக் கரண்டி. முகமூடி கட்டாயம். வீதியோரம் என்பதால் கூடவே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

உலர்த்தி, பிளாஸ்டிக் வலைச் சல்லடையில் அரித்து, 50 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, பொலித்தீன் பைக்குள் வைத்த காந்தத்தை மேலே மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டியதை வேறு கடதாசியில் பிடித்துக்கொண்டு காந்தத்தைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தால் தூள் தானாக விழும். இனி ஒன்றும் ஒட்டவில்லை என்னும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே மாதிரியை வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்துப் பாருங்கள். குழுவுக்குக் குழு எண் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்த பிறகுதான், இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தை நம்பலாமா என்று சொல்ல முடியும். என் கணிப்பில் இந்தப் பாடம்தான் முழுச் செயற்றிட்டத்திலும் பெறுமதியானது. அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

கிண்ணியாவில் கட்டட வேலைக்கு ஆற்று மணல் ஏற்றும் லொறிகள் போகும் வீதி என்றால் கவனம். சிந்திய மணலில் இருக்கும் இயற்கை மக்னடைட்டும் கணக்கில் சேரும். அந்த மணலிலும் ஒரு 50 கிராம் எடுத்துத் தனியாக அளந்து, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

"இதனால் நமக்கு என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2016இல் பார்பரா மாஹெர் என்ற பிரித்தானிய ஆய்வாளரும் குழுவினரும், மெக்சிக்கோ நகரிலும் மன்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவைச் சோதித்து, அதில் உருண்டையான மக்னடைட் நுண்துகள்கள் இருந்ததாக அறிவித்தார்கள். எரிதலில் பிறக்கும் துகள்களின் உருவம் அது. அவற்றால் நோய் வருகிறது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள், பிள்ளைகள் பயந்து போகாமல் இருக்க. பிரேக்கில் இருந்தும் புகையில் இருந்தும் வருவது வீதியோடு நிற்பதில்லை என்று மட்டும் அவர்களுக்குப் புரிந்தால் போதும்.

மாதிரிகளைக் கடதாசி உறையில் போட்டு, இடமும் திகதியும் பென்சிலால் எழுதி வையுங்கள். பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியலோ மண்ணியலோ படிக்கும் பழைய மாணவர் யாராவது இருந்தால், மானியில் அளந்து தர முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளின் தராசு எண்ணும் மானி எண்ணும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கலாம். தகர டின்னில் மட்டும் மாதிரியைப் போட்டு வைக்காதீர்கள்; டின்னின் துருவும் சேர்ந்து நிறைபடும்.